பழைய கொம்பியூட்டருக்கு லினக்ஸ் போட்டா மட்டும் காணாது

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதைப் பத்தி உங்கட பேப்பரில ஒரு கட்டுரை வந்திச்சு, பழைய மெஷினுகள் இனிப் பாதுகாப்பில்ல, ஏலுமானவங்க புதுசு வாங்கிக்கொள்ளுங்க எண்டு அதில முடிச்சிருந்தீங்க. வாகரையில இருந்து பொத்துவில் மட்டும் நம்மட பள்ளிக்கூட லெப்புகளில கிடக்கிற மெஷினுகளைப் பாத்தவங்க அப்பிடி லேசாச் சொல்லமாட்டாங்க ஐயா. அதுகளில பாதிக்கு மேல ஆரோ ஒரு நிறுவனமோ வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவரோ எப்பயோ தந்தது, அதுகளை எறிஞ்சா அந்த மேசைக்கு இன்னொண்டு எப்ப வரும் எண்டு ஆருக்கும் தெரியாது. நான் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில கொம்பியூட்டர் திருத்துற வேலை செய்யிறன், பின்னேரத்தில ஏ.எல் புள்ளைகளுக்கு ஐசிடி வகுப்பும் எடுக்கிறன், அதால இந்த விசயத்தில மனசில கிடக்கிறதைச் சொல்லோணும் எண்டுதான் எழுதுறன், கொஞ்சம் நீண்டாலும் வெட்டாமப் போடுங்க.

மொதல்ல நல்லதைச் சொல்லுறன். நம்மட பொடியன்மாரும் பொம்பளப் புள்ளைகளும் ஆரும் சொல்லாமலே இந்தப் பழைய மெஷினுகளுக்கு லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாப் போடுற இலவச இயங்குதளம்) போடத் தொடங்கிட்டாங்க. கோர் டூ டுவோ ப்ரொசெசர், 2 ஜிபி ரெம், அதுக்கே டெபியனோ லுபுண்டுவோ (ரெண்டும் லினக்ஸ் வகைகள்) போட்டு, லிப்ரே ஒஃபிஸும் ஃபயர்ஃபொக்ஸும் ஓடுது, காசும் இல்ல, கள்ளக் கொப்பியும் இல்ல. இதுக்கு நான் அவங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுவன். ஆனா லினக்ஸ் போட்டதோட வேலை முடியல்ல, அதுக்கு மேல நமக்குத் தேவையான சொஃப்ட்வெயார நாமளே செஞ்சி கொண்டுபோய்ப் போடக்குள்ளதான் எல்லாம் சறுக்குது, அந்தச் சறுக்கலுக்குக் காரணம் புள்ளைகளும் இல்ல லினக்ஸும் இல்ல, எப்பிடிப் பில்ட் பண்ணோணும் (எழுதின கோட ஓடுற ப்ரோக்ராமா ஆக்கோணும்) எண்டு ஆரும் சொல்லிக் குடுக்காததுதான். அதுக்குச் சிஎச்ரூட் எண்டு ஒரு வழி இரிக்கு, அதைப் பத்தித்தான் இந்தக் கடிதம்.

ஒரு உதாரணம். ஏ.எல் எழுதிப்போட்டு ரிசல்ட்ஸ்க்குப் பாத்துக்கொண்டிருந்த ஒரு புள்ள, பாமினி எண்ட பழைய ஃபொண்டில டைப் பண்ணின பரீட்சைத் தாள்களை எந்த மெஷினிலயும் தமிழாவே தெரியிற யூனிகோடுக்கு மாத்துற ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதிச்சு. இது எவ்வளவு தேவை எண்டு ரீச்சர்மாருக்குத் தெரியும், நம்மட பள்ளிக்கூடங்களில வருசக் கணக்காச் சேந்த தாளுகள் முழுக்கப் பாமினி, ஃபொண்ட் இல்லாத மெஷினில திறந்தா இங்கிலீஷ் எழுத்தாச் சிதறிக் கிடக்கும், ஒண்டையும் தேட ஏலாது, வெட்டி ஒட்ட ஏலாது. கொம்பியூட்டரில தமிழ் எழுதுறதுக்கு எஸ்.எல்.எஸ் 1326 எண்டு இலங்கைத் தரம் இரிக்கு, நாம பழகின ரெங்கநாதன் கீபோர்டும் லினக்ஸில எம்17என் எண்ட டைப்பிங் பெக்கேஜ் ஊடா வருது, ஆனா பழைய தாளுகளை ஆரு திருப்பி அடிக்கிறது? அந்தப் புள்ள சி பிளஸ் பிளஸ் மொழியும் க்யூட்டி எண்ட லைப்ரரியும் (ஏற்கனவே எழுதி வெச்ச கோட் தொகுப்பு) வெச்சு வடிவா எழுதி, தன்ட லப்டொப்பில ஓட்டிப் பாத்து, பெக்கேஜா (இன்ஸ்டோல் பண்ணுற ஃபைலா) ஆக்கி, பென் ட்ரைவில கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூட லெப்பில போட்டா, ஏறல்ல. அது கேக்கிற லைப்ரரி இல்ல எண்டு சொல்லுது. பெக்கேஜ விட்டுப்போட்டுப் ப்ரோக்ராம் ஃபைல மட்டும் கொப்பி பண்ணி ஓட்டினா ஜீலிப்சி (லினக்ஸில எல்லாத்துக்கும் அடிப்படையான லைப்ரரி) 2.38 இல்ல எண்டு சொல்லுது. பக்கத்தில நிண்ட பெரியவங்க ஒரே வார்த்தையில, லினக்ஸ் சரிவராது, பழையபடி விண்டோஸப் போடுங்க எண்டு முடிச்சிட்டாங்க. புள்ளைட வேலை பென் ட்ரைவுக்குள்ளயே கிடக்கு.

நடந்தது இதுதான். புள்ளைட லப்டொப்பில உபுண்டு 24.04 எண்ட லினக்ஸ், அதில ஜீலிப்சி 2.39. பள்ளிக்கூடத்தில டெபியன் 12, அதில 2.36. எழுத்தா இரிக்கிற ஒரு நம்பர நம்பரா மாத்துற மாதிரி ஆகச் சாதாரணமான ஃபங்ஷனக் கூப்பிட்டாலும் புது மெஷினில கம்பைல் பண்ணக்குள்ள (கோட மெஷின் மொழிக்கு மாத்தக்குள்ள) அது 2.38ல வந்த புது உருவத்தோட கட்டுப்பட்டுப் போகும், பழைய மெஷினில அந்த உருவம் இல்ல. லைப்ரரிப் பேரும் மாறிக் கிடக்கு, 32 பிட் நேரக் கணக்கு 2038ல நிரம்பிப் போற பிரச்சினையைத் தீக்கிறதுக்காக 2024ல டெபியனும் உபுண்டுவும் நெறையப் பெக்கேஜுகளுக்குப் பேருக்குப் பின்னால டீ64 எண்டு ஒட்டினாங்க, டெபியன் 12ல அந்தப் பேருகளே இல்ல. ப்ரோக்ராமில ஒரு வரி பிழை இல்ல, பில்ட் பண்ணின இடம்தான் பிழை.

இதுக்கு யூடியூப்பப் பாத்துச் சில பேர் செய்யிற வைத்தியம் இன்னும் மோசம். வேற வேர்ஷனில இருந்து ஜீலிப்சியக் கொண்டுவந்து வலுக்கட்டாயமா ஏத்துறாங்க. தயவுசெஞ்சி அதைச் செய்யாதீங்க, அந்த மெஷினில ஓடுற கொமாண்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரு லைப்ரரியிலதான் நிக்குது, அது குழம்பினா ஃபைல் லிஸ்டைப் பாக்கிற கொமாண்ட் கூட வேலை செய்யாது, மறுகா முழுசாத் திருப்பித்தான் போடோணும்.

சரியான வழி சிஎச்ரூட். இது நேத்து வந்த விசயமில்ல, 1979ல வந்த யுனிக்ஸ் ஏழாவது பதிப்பிலயே இரிக்கு. செய்யிறது ஒண்டே ஒண்டுதான்: ஒரு ஃபோல்டரக் காட்டி, இதுதான் இனி உனக்கு ரூட் (ஆக மேல உள்ள ஃபோல்டர்), இதுக்கு மேல ஒண்டும் இல்ல எண்டு அந்த ப்ரோக்ராமுக்குச் சொல்லுறது. அந்த ஃபோல்டருக்குள்ள ஒரு முழு டெபியன் 12ஐ வெச்சிட்டா, வெளியில உபுண்டு ஓடினாலும் உள்ளுக்குப் போன கம்பைலருக்குத் தெரியிறது டெபியன் 12 மட்டும்தான், கட்டுப்படுறதும் அந்த ஜீலிப்சியோடதான். வெள்ளாமைக் காலத்தில வட்டைக்குள்ள வாடியில (வயல் குடிலில) போய்த் தங்குறவங்களுக்கு இது சொல்லாமலே வெளங்கும், அங்க நாம கட்டிக் கொண்டுபோன சாமான் மட்டும்தான் இரிக்கும், வீட்டில உப்பு இரிக்கு எண்டு வாடியில கறி உப்புக் கரிக்காது, எதை விட்டுட்டு வந்தம் எண்டு அடுப்பு மூட்டின உடனே தெரிஞ்சிடும். நம்மட லப்டொப்பில எப்பயோ எதுக்கோ போட்ட லைப்ரரியள் ஆயிரம் கிடக்கும், ப்ரோக்ராம் அதுகளில ஒண்டைச் சத்தமில்லாமப் புடிச்சுக்கொண்டு நிக்கிறது நமக்குத் தெரியாது, சுத்தமான சிஎச்ரூட்டுக்குள்ள பில்ட் பண்ணினா அது அந்த இடத்திலயே காட்டிக் குடுத்திரும்.

வேர்ச்சுவல் பொக்ஸ் (மெஷினுக்குள்ள இன்னொரு மெஷின ஓட்டுற சொஃப்ட்வெயார்) போட்டா இதே வேலை நடக்குந்தானே எண்டு கேப்பாங்க. நடக்கும், ஆனா அது இன்னொரு கேர்னல் (இயங்குதளத்தின்ட உள்கரு), இன்னொரு முழு மெஷின், 4 ஜிபி ரெம் உள்ள லப்டொப்பில பாதி ரெம்மை அதுக்குக் குடுத்துப்போட்டு மிச்சத்தில என்ன செய்யிறது. சிஎச்ரூட் வெளியில ஓடுற அதே கேர்னலத்தான் பாவிக்கும், ரெம்மை ஒதுக்கி வைக்கத் தேவல்ல, ஹார்ட் டிஸ்க்கிலயும் தொடக்கத்தில சில நூறு எம்பிதான். டொக்கர் (இதே மாதிரிப் பிரிச்சு ஓட்டுற இன்னொரு கருவி) பாவிக்கிறவங்க பாவிக்கட்டும், நான் குறை சொல்லல்ல, ஆனா உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு வெளங்கிப் பழகிறதுக்குப் புள்ளைகளுக்கு மொதல்ல சிஎச்ரூட் கையால செய்யத் தெரியோணும் எண்டது என்ட அபிப்பிராயம்.

செய்யிறது கஷ்டமில்ல. டெபியனிலயும் உபுண்டுவிலயும் டெபூட்ஸ்ட்ராப் எண்டு ஒரு சின்னப் பெக்கேஜ், அதுக்கு எந்த வேர்ஷன், எந்த ஃபோல்டர், எந்த சேர்வர் எண்டு மூண்டையும் சொல்லிவிட்டா அடிப்படை டெபியன அதுவே கொண்டுவந்து அந்த ஃபோல்டருக்குள்ள விரிச்சு வைக்கும். பில்டீ எண்ட வேரியண்டக் கேட்டா கம்பைலர், மேக் மாதிரி பில்டுக்குத் தேவையானதுகளும் சேந்தே வரும். உள்ளுக்குப் போறதுக்கு முன்னுக்கு ப்ரொக், சிஸ், டெவ் எண்ட மூண்டு சிஸ்டம் ஃபோல்டரையும் மவுண்ட் பண்ணோணும் (உள்ளுக்கு இணைக்கோணும்), அது இல்லாட்டி சில பில்டுகள் பாதியில காரணம் சொல்லாம நிக்கும். நெட் வேலை செய்ய ரிசால்வ் டொட் கொன்ஃப் ஃபைல உள்ளுக்குக் கொப்பி பண்ணோணும். டெபூட்ஸ்ட்ராப் எழுதி வைக்கிற சோர்சஸ் லிஸ்டில (பெக்கேஜுகளை எங்க இருந்து எடுக்கிறது எண்ட பட்டியலில) மெயின் வரி மட்டும்தான் இரிக்கும், செக்கியூரிட்டி வரியும், சோர்ஸ் கோடுக்கான டெப் சோர்ஸ் வரியும் நாமதான் சேக்கோணும், அதைச் சேத்தாத்தான் ஏற்கனவே டெபியனில இரிக்கிற ஒரு பெக்கேஜுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையையும் பில்ட் டெப் எண்ட ஒரே கொமாண்டில எடுக்க ஏலும். உள்ளுக்குப் போடுற பெக்கேஜ் ஏதும் டேட்டாபேஸ் மாதிரி சேர்விஸத் தொடங்கப் பாத்தா அது வெளியில ஓடுற மெஷினோட முட்டிக்கொள்ளும், அதுக்குப் பொலிசி ஆர்சி டி எண்டு ஒரு ரெண்டு வரி ஸ்கிரிப்ட், 101 எண்டு திருப்பிச் சொல்லுறது, அதை உள்ளுக்கு வெச்சிட்டா ஒரு சேர்விஸும் தொடங்காது. மறுகா உள்ளுக்கு ஒரு சாதாரண யூசரை உண்டாக்கி அவரா நிண்டு பில்ட் பண்ணோணும், எல்லாத்தையும் ரூட்டா (முழு அதிகாரம் உள்ள யூசரா) நிண்டு செய்யிற பழக்கம் நல்லதில்ல.

ஒரு விசயத்தில புள்ளைகள் சரியான கவனமா இருக்கோணும், இதை ஆரும் வீடியோவில அழுத்திச் சொல்லுறதா நான் காணல்ல. வசதிக்கு எண்டு சிஎச்ரூட்டுக்குள்ள நம்மட ஹோம் ஃபோல்டரையும் மவுண்ட் பண்ணி வெச்சுக்கொள்ளுவாங்க, வேலை முடிஞ்சிது இனி அழிப்பம் எண்டு அந்த ஃபோல்டர முழுசா அழிக்கக்குள்ள அதுக்குள்ளால போய் உண்மையான ஹோமும் சேந்து அழியும், படங்கள், நோட்ஸ், ப்ரொஜெக்ட் எல்லாம் போகும். அழிக்க முன்னுக்கு என்ன மவுண்டில இரிக்கு எண்டு ஃபைண்ட் மவுண்ட் கொமாண்டில பாத்து, ஒவ்வொண்டாக் கழட்டி, மறுகாப் பாத்துத்தான் கை வைக்கோணும். எஸ்-சிஎச்ரூட் (சிஎச்ரூட்டுக்குள்ள போய்வர உதவுற கருவி) பாவிக்கிறவங்களுக்கும் சொல்லுறன், அதில டிஃபோல்ட் ப்ரொஃபைல் ஹோமைத் தானா உள்ளுக்குக் கொண்டுபோகும், பில்டுக்கு எண்டா எஸ்பில்ட் எண்ட ப்ரொஃபைலத் தெரிவு செய்யுங்க, அதில ஹோம் வராது. மத்தது, சிஎச்ரூட்ட ஒரு சிறைச்சாலை மாதிரி ஆரும் நம்பப்படாது, உள்ளுக்கு ரூட் அதிகாரம் கிடைச்ச ப்ரோக்ராமுக்கு வெளிய வர வழி இரிக்கு, ஆரோ அனுப்பின சந்தேகமான ஃபைல ஓட்டிப் பாக்கிற இடம் இதில்ல.

கையால ஒருக்காச் செஞ்சி வெளங்கினதுக்குப் பிறகு, இதையெல்லாம் தானாச் செய்யிற எஸ்பில்ட் எண்ட கருவிக்குப் போகலாம். ஒவ்வொரு பில்டுக்கும் சுத்தமான ஒரு கொப்பிய விரிச்சு, பெக்கேஜுக்கு வேணும் எண்டு எழுதினதை மட்டும் உள்ளுக்குப் போட்டு, பில்ட் பண்ணி, டெப் ஃபைல (டெபியன் பெக்கேஜ) வெளிய தந்துபோட்டு அந்தக் கொப்பிய அழிச்சிடும், அதால நேத்துச் செஞ்சதின்ட குப்பை இண்டைக்கு ஒட்டாது. அன்ஷெயர் முறையில வெச்சா சாதாரண யூசரே செய்யலாம். டெபியன்ட பில்ட் சேர்வருகள் உலகத்துக்கே பெக்கேஜ் செய்யிறது இதே எஸ்பில்டாலதான். ஆர்ச் லினக்ஸ்காரருக்கு மேக் சிஎச்ரூட் பெக்கேஜ், ஃபெடோராக்காரருக்கு மொக் எண்டு அதே யோசனை வேற பேரில இரிக்கு. இலங்கையில ஃபெடோராவ வெச்சு ஹந்தான லினக்ஸ் எண்டு ஒரு டிஸ்ட்ரோவே செஞ்சவங்க இரிக்கிறாங்க, கொழும்பு கண்டியில ஏலுமெண்டா கல்லடியிலயும் கல்முனையிலயும் ஏன் ஏலாது.

டேட்டாவைப் பத்தியும் சொல்லத்தான் வேணும், நம்மட பக்கத்தில புள்ளைகள் ஃபோன் டேட்டாவ ஹொட்ஸ்பொட் போட்டுத்தான் படிக்கிறாங்க, ஒவ்வொரு பில்டுக்கும் ஒரே பெக்கேஜத் திருப்பித் திருப்பி இறக்கச் சொன்னா ஒரு கிழமைக் கார்ட் ஒரு பின்னேரத்தில முடிஞ்சிடும். அதுக்கு அப்ட் கேஷர் என்ஜி இரிக்கு. ஒரு மெஷினில அதை ஓட விட்டா ஒருக்கா இறக்கின பெக்கேஜ அது வெச்சுக்கொள்ளும், அடுத்த முறை ஆரு கேட்டாலும் நெட்டுக்குப் போகாம லெப்புக்குள்ளயே தரும். சிஎச்ரூட்டுக்கு மட்டுமில்ல, லெப்பில இரிக்கிற அத்தனை மெஷினையும் அப்டேட் பண்ணவும் அதே காணும். கரண்ட் போற நேரத்தில பாதியில நிண்ட டவுன்லோடும் வீணாகாது, வந்து முடிஞ்ச பெக்கேஜுகள் அப்பிடியே கிடக்கும்.

இன்னும் பழைய 32 பிட் மெஷினுகள் வெச்சிருக்கிற பள்ளிக்கூடங்களும் இரிக்கு, படுவான்கரைப் பக்கம் நான் கண்டிருக்கன். 2025 ஓகஸ்டில வந்த டெபியன் 13ல 32 பிட் பிசிக்கு இன்ஸ்டோலரும் இல்ல கேர்னலும் இல்ல, அதுகளுக்கு டெபியன் 12தான் கடைசி. ஆனா கோர் டூ டுவோ எல்லாம் 64 பிட்தான், 32 பிட் விண்டோஸ் போட்டிருந்ததால மெஷினும் 32 எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாங்க, அதை மொதல்ல எல்எஸ்சிபியு கொமாண்டில பாருங்க. உண்மையா 32 பிட் எண்டா அந்த மெஷினில வெச்சு மணிக்கணக்காக் கம்பைல் பண்ணத் தேவல்ல, ஒரு 64 பிட் லப்டொப்பில டெபூட்ஸ்ட்ராப்புக்கு ஐ386 (32 பிட் பிசிக்கு டெபியன் வெச்ச பேர்) எண்டு சொல்லி 32 பிட் சிஎச்ரூட் ஒண்டை விரிச்சு, அதுக்குள்ள பில்ட் பண்ணிக் கொண்டுபோய்ப் போட்டா ஓடும்.

நம்மட கரைக்கு இதெல்லாம் தூரத்து விசயம் எண்டு நினைக்கிறவங்களுக்கு ஒண்டைச் சொல்லுறன். 2004 டிசம்பர் 26ல கடல் வந்தப்போ காணாமப் போனவங்கட பேரையும் முகாம்களையும் நிவாரணச் சாமானையும் பதிஞ்சு பாக்கிறதுக்கு இலங்கைப் பொடியன்மார்தான் இரவு பகலா நிண்டு சஹானா எண்ட சொஃப்ட்வெயார எழுதினாங்க, ஆரும் எடுத்துப் பாவிக்கலாம் எண்டு திறந்து விட்டாங்க, மறுகா வெளிநாட்டு அனர்த்தங்களுக்கும் அது போச்சு, 2006க்கான சமூகப் பயன்பாட்டு விருதை ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதுக்குத்தான் குடுத்துது. அம்பாறையும் மட்டக்களப்பும் அந்தக் கடலுக்குக் குடுத்தது எவ்வளவு எண்டு நான் எழுதித்தான் தெரியோணும் எண்டில்ல. அப்பிடி ஒரு நேரத்தில இன்னொருத்தர் எழுதினதை எடுத்து, நம்மட மெஷினுக்கு ஏத்த மாதிரிப் பில்ட் பண்ணி, உடனே ஓட வைக்கத் தெரிஞ்ச ஆக்கள் ஒவ்வொரு ஊரிலயும் நாலு பேராவது இருக்கோணும்.

அதால நான் கேக்கிறது பெரிய காசு போற விசயமில்ல. வலயக் கல்வி அலுவலகங்களுக்குக் கீழ கணினி வள நிலையங்கள் இரிக்கு, மட்டக்களப்பு, கல்குடா, பட்டிருப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, அங்கால கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், இந்த ஒவ்வொரு வலயத்திலயும் ஒரே ஒரு நல்ல மெஷின ஒதுக்கி, அதில டெபியன் 12க்கும் 13க்கும் எஸ்பில்டும் அப்ட் கேஷரும் போட்டு வைக்கட்டும், வலயத்துப் புள்ளைகள் தங்கட சோர்ஸ் கோடக் கொண்டுவந்து அதில பில்ட் பண்ணி எடுத்துக்கொண்டு போகட்டும். ஏ.எல் ப்ரொஜெக்ட் பாக்கிற ரீச்சர்மாரும், எச்.என்.டி.ஐ.டி (தகவல் தொழில்நுட்ப உயர் டிப்ளோமா) படிப்பிக்கிற சேர்மாரும், வந்தாறுமூலை, ஒலுவில் கம்பசுகளிலயும் கொம்பியூட்டர் படிப்பிக்கிறவங்களும், உன்ட லப்டொப்பில ஓடுதா எண்டு மட்டும் கேக்காம, சுத்தமான சிஎச்ரூட்டில பில்ட் ஆகுதா எண்டும் கேட்டு அதுக்கும் மாக்ஸ் குடுங்க. மாக்ஸ் குடுத்தாப் புள்ளைகள் கட்டாயம் செய்வாங்க.

உங்களிட்டயும் ஒரு வேண்டுகோள் ஐயா. உங்கட தொழில்நுட்பப் பக்கத்தில கிழமைக்குக் கிழமை புது ஃபோன் விலையத்தான் போடுறீங்க, அதில ஒரு மூலையத் தாங்க, டெபூட்ஸ்ட்ராப்பில தொடங்கி எஸ்பில்ட் மட்டும் நாலு கிழமைக்கு நான் தமிழில எழுதித் தாறன், காசு வேணாம். கொமாண்டுகளை மட்டும் கட்டாயம் இங்கிலீஷ் எழுத்திலயே போடோணும், ஒரு புள்ளி விட்டாலும் வேலை செய்யாது, அதால ப்ரூஃப் பாக்கிற ஆளை என்னோட ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்க. அந்தப் புள்ளைட பாமினி ப்ரோக்ராமையே உதாரணமா எடுக்கிறதுக்கு அதிட்டக் கேட்டன், ஓம் எண்டு சொல்லிட்டுது.

இப்பிடிக்கு,
கொம்பியூட்டர் வகுப்பு எடுக்கிற ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.